ஓசி மைல் புராணம்

தமிழில் ‘ஓசி’ என்று ஒரு அருமையான சொல் உண்டு. கும்பினிக்காரன் காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் தபாலுக்குக் காசு கட்ட வேண்டாமாம். ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று முத்திரை குத்தினால் போதுமாம். அந்த முத்திரைதான் தேய்ந்து தேய்ந்து நம் ஊர் டீக்கடைக் கணக்கு வரைக்கும் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். மொழி ஆராய்ச்சியாளர்கள் இதை ஒப்புவார்களா என்ற கவலை நமக்கு வேண்டாம். கம்பெனித் தபால் உறைக்குள் தன் மாமியாருக்கும் நாலு வரி எழுதிச் செருகிய ஒரு குமாஸ்தா கட்டாயம் இருந்திருப்பான். அவன்தான் இந்தப் புராணத்தின் ஆதிபுருஷன். விமானக் கம்பெனிகள் கொடுக்கும் ‘மைல்’ என்பது அவனுக்கு இறக்கை முளைத்த கதை.

அவனை அப்படியே விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே 1938 முதல் 1978 வரை விமானக் கம்பெனி நடத்துவது ஏறக்குறைய ரேஷன் கடை நடத்துவது மாதிரி. சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்று வாஷிங்டனில் ஒரு வாரியம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு யார் பறக்கலாம், டிக்கெட்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதில் அது வைத்ததுதான் சட்டம். நாற்பது வருஷத்தில் புதிதாக ஒரு பெரிய கம்பெனியைக்கூட அது களத்தில் இறங்க விடவில்லை. விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்க வழியில்லாததால் முதலாளிகள் மற்ற எல்லாவற்றிலும் மல்லுக்கட்டினார்கள். நீ கோழி போட்டால் நான் மாட்டிறைச்சி. நீ பார் வைத்தால் நான் பியானோ. சும்மா சொல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஜம்போ விமானங்களில் நிஜமாகவே ஒரு மின்சார பியானோவை வைத்தது. தப்பித்து வெளியே போகவும் முடியாத கச்சேரி.

அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களுக்கு வேறு பஞ்சாயத்து. 1958இல் மலிவு வகுப்புக்குச் சாண்ட்விச் மட்டும்தான் பரிமாறலாம் என்று கம்பெனிகள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தன. ஸ்காண்டிநேவியக்காரர்கள் அடியில் ஒரே ஒரு ரொட்டித் துண்டை வைத்து, அதன் மேல் ஒரு கல்யாணப் பந்தியையே ஏற்றி, ‘இதுவும் சாண்ட்விச்தான்’ என்று சாதித்தார்கள். பான் ஆம் புகார் கொடுத்தது. சாண்ட்விச் என்றால் எது என்று தீர்மானிக்கப் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்தார்கள். கடைசியில் ஸ்காண்டிநேவியக் கம்பெனிக்கு அபராதமும் போட்டார்கள். எல்லோரும் கோட்டு சூட்டு போட்டவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள்.

வாஷிங்டன் வாரியத்தின் கை ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் மட்டும் நீளாது. ஒரே மாநிலத்துக்குள் ஏறி, அதே மாநிலத்துக்குள் இறங்கினால் கேள்வி கேட்க ஆளில்லை. டெக்சாஸ் மாநிலத்துக்குள் நம் தமிழ்நாட்டை ஐந்து முறை போட்டு மூடலாம். ஆகவே அங்கே உள்ளூருக்குள் பறப்பதே நல்ல வியாபாரம். 1971இல் சவுத்வெஸ்ட் என்ற பொடியன் அங்கே கடை திறந்தான். 1973இல் பிரானிஃப் என்ற பெரியண்ணன், பொடியனை ஒரேயடியாக நசுக்குவதற்காக டாலஸ்–ஹூஸ்டன் டிக்கெட்டைப் பாதி விலைக்கு, 13 டாலருக்கு இறக்கினார்.

பொடியனிடம் அந்த விலைக்கு ஓட்டக் காசில்லை. ஆனால் மூளை இருந்தது. ‘எங்களிடமும் 13 டாலருக்கு வரலாம். பழைய விலையான 26 டாலரையே கொடுக்கிறவர்களுக்கு ஒரு முழு பாட்டில் சரக்கு இலவசம்’ என்று அறிவித்தார்கள். விஸ்கியோ வோட்காவோ, வருகிறவர் இஷ்டம். குடிக்காதவர்களுக்கு ஓர் ஐஸ் வாளி. குடிக்காதவர் ஐஸ் வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வியாபார விஷயமாகப் பறந்தவர்களில் பெரும்பாலோர் சிரித்த முகத்தோடு 26 டாலரை எடுத்து நீட்டினார்கள். கொஞ்ச காலத்துக்கு டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய மது விநியோகஸ்தர் ஒரு விமானக் கம்பெனிதான் என்று அந்தக் கம்பெனியே பெருமையடித்துக்கொண்டது. நம் ஊரில் அரசாங்கம் செய்கிற வேலையை அங்கே ஒரு போயிங் செய்திருக்கிறது.

ஏன் சிரித்த முகம்? 26 டாலரைக் கொடுப்பது ஆபீஸ். பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போவது ஆபீசர். இது புரிந்துவிட்டால் அடுத்து வந்த ஐம்பது வருஷத்துக் கதையும் புரிந்த மாதிரி. பணம் கட்டுகிறவர் வேறு, எந்த விமானம் என்று தீர்மானிக்கிறவர் வேறு. பணம் கட்டுகிறவருக்கு விலையைக் குறைத்துப் பிரயோஜனமில்லை; தீர்மானிக்கிறவர் கையில் எதையாவது வைத்து அழுத்த வேண்டும். தாலுகா ஆபீஸ் வாசலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வானத்தில் செய்தால் அதற்கு விசுவாசத் திட்டம் என்று பெயர்.

1978 அக்டோபர் 24 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். விலையும் வழியும் இனி அவரவர் இஷ்டம். இந்தக் காரியத்துக்காக முன்னே நின்று பாடுபட்டவர் ஆல்ஃப்ரெட் கான் என்ற பொருளாதாரப் பேராசிரியர். வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர்தான் அந்த வாரியத்தின் தலைவர். தன் ஆபீசுக்குத் தானே பூட்டு வாங்கிக் கொடுத்த அரசாங்க அதிகாரி உலக சரித்திரத்தில் வேறு யாராவது உண்டா, தெரிந்தால் சொல்லுங்கள். 1984 கடைசியோடு வாரியம் மூடப்பட்டது.

சட்டம் வந்ததும் ஊருக்கு நாலு கம்பெனி முளைத்தது. டிக்கெட் விலை சரிந்தது. பயணிக்குக் கொண்டாட்டம், பழைய கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன் வருகிறார். வில்லன் என்றும் சொல்லலாம். எழுந்து கைதட்டுவதா சோடா பாட்டில் வீசுவதா என்பது நீங்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ராபர்ட் கிராண்டல், 1980இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவரானவர். விமானத்தில் கொடுக்கும் சாலட் தட்டிலிருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டு, ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் மிச்சம் பிடித்தவர். கரீபியன் தீவு ஒன்றில் கிடங்குக் காவலாளிகளைக் குறைத்து, பிறகு காவலாளிக்குப் பதில் நாயை வைத்து, அப்புறம் நாயையும் எடுத்துவிட்டு நாய் குரைக்கும் சத்தத்தை மட்டும் டேப்பில் போட்டு ஓடவிட்டார் என்று அவரைப் பற்றி இன்னொரு கதை. நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிகள் இவரைக் கண்டிருந்தால் சம்பந்தம் பேசியிருப்பார்கள்.

அண்ணாச்சியிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. சேபர் என்ற கணினி. அதன் பிறப்பே ஒரு விமானத்துக்குள்தான். 1953இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்துக்குப் பக்கத்து இருக்கையில் ஐபிஎம் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் பெயரும் ஸ்மித். ‘அட, நீங்களும் நம்மாளா’ என்று ஆரம்பித்த பேச்சு, டிக்கெட் பதிவு செய்யும் உலகத்தின் முதல் பெரிய கணினியில் போய் முடிந்தது. ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் ‘சார் எந்த ஊரு’ என்று கேட்பதை இனி யாரும் கேலி செய்யாதீர்கள்.

யார், எந்தத் தேதியில், எங்கே பறந்தார் என்பதெல்லாம் சேபருக்குள் சித்திரகுப்தன் கணக்காகக் கிடந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் நல்ல வாடிக்கையாளர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? பெயரை வைத்துத் தேடினால் ஸ்மித்துகள் மட்டுமே ஒரு ஜில்லா தேறுவார்கள். கிராண்டலின் ஆட்கள் தொலைபேசி எண்ணைப் பிடித்தார்கள். ஒரே எண் அடிக்கடி வந்தால் அந்த ஆசாமி அடிக்கடி பறக்கிறார். அவ்வளவுதான். அப்படி வடிகட்டிய பட்டியலையும், விமான நிலையத்தில் கம்பெனி நடத்திய சொகுசு அறை உறுப்பினர்களின் பட்டியலையும் சேர்த்து, 1981 மே 1 அன்று, தொழிலாளர் தினத்தில், முதலாளிகள் காசில் பறப்பவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கினார்கள். பெயர் ஏஅட்வான்டேஜ். கம்பெனியின் முதலெழுத்து இரண்டு ஏ என்பதால் பெயரிலும் இரண்டு ஏ. பறந்த ஒவ்வொரு மைலும் கணக்கில் ஏறும். போதுமான அளவு ஏறினால் ஓசி டிக்கெட்.

இதற்கு முன்னால் யாரும் யோசிக்கவில்லையா என்றால், யோசித்தார்கள். டெக்சாஸ் இன்டர்நேஷனல் 1979இல், வெஸ்டர்ன் 1980இல். இரண்டு பெயரும் இன்று வானத்தில் இல்லை. முதலில் நினைத்தவனுக்கு அல்ல, கணினி வைத்திருந்தவனுக்குத்தான் பட்டா.

மே 6ஆம் தேதி, கொலுவில் பக்கத்து வீட்டு பொம்மையைப் பார்த்த மாமி மாதிரி, யுனைடெட் கம்பெனி தன் ‘மைலேஜ் பிளஸ்’ஸை அறிவித்தது. ஐந்தே நாள். அதே வருஷத்துக்குள் டெல்டாவும் டிடபிள்யூஏவும் வந்துவிட்டன. எல்லோரும் ஆரம்பித்துவிட்டதால் யாருக்கும் லாபமில்லை என்ற நிலை வந்திருக்க வேண்டும். கிராண்டல் வேறு வழியையும் முயன்று பார்த்தார். 1982 பிப்ரவரியில் போட்டிக் கம்பெனியான பிரானிஃபின் தலைவர் ஹோவர்ட் பட்னமைத் தொலைபேசியில் பிடித்து, அச்சில் ஏற்ற முடியாத சில அடைமொழிகளோடு, ‘உன் டிக்கெட் விலையை 20 சதவீதம் ஏற்று, மறுநாள் காலையில் நானும் ஏற்றுகிறேன்’ என்கிற பொருளில் பேசினார். விலையைப் பற்றி நாம் பேசக் கூடாது என்று பட்னம் நல்ல பிள்ளையாகச் சொன்னார். நல்ல பிள்ளை அந்தப் பேச்சை டேப்பில் பதிவும் செய்துகொண்டிருந்தார். விஷயம் வழக்கு வரைக்கும் போனது. இந்தப் பட்னம் யார் தெரியுமா? பிரானிஃபுக்கு வருவதற்கு முன்பு, பாட்டில் கொடுத்த அந்தப் பொடியன் கம்பெனியின் தலைவராக இருந்தவர். பிரானிஃப் அந்த மே மாதமே கடையை மூடியது.

மைல் என்ன புதுச் சரக்கா? 1896இலிருந்து அமெரிக்கக் கடைகளில் பச்சை ஸ்டாம்பு என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாமான் வாங்கினால் ஸ்டாம்பு தருவார்கள். நாக்கால் நக்கி நோட்டில் ஒட்ட வேண்டும். நோட்டு நிறைந்தால் பெரிய விலைப்பட்டியல் புத்தகத்திலிருந்து டோஸ்ட்டரோ விளக்கோ எடுத்துக்கொள்ளலாம். கிராண்டல் செய்த ஒரே சீர்திருத்தம், நக்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்தது.

உண்மையான புரட்சி 1987இல் வந்தது. சிட்டி வங்கி ஏஅட்வான்டேஜோடு சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு கொண்டுவந்தது. இனி மைல் சேர்க்க விமானம் ஏற வேண்டாம். கறிக்கடையில் தேய்த்தாலும் மைல், பல் டாக்டரிடம் தேய்த்தாலும் மைல். வங்கி அந்த மைல்களை விமானக் கம்பெனியிடமிருந்து ரொக்கம் கொடுத்து வாங்கித் தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும். விமானக் கம்பெனிக்கு இதில் ஆகும் உற்பத்திச் செலவு, கணினியில் ஒரு எண்ணைத் தட்டுவது. சென்னையில் தங்கசாலைத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் கும்பினி தன் நாணயத்தை அடித்தது. நாணயம் அடிக்கத் தங்கமாவது வெள்ளியாவது செம்பாவது வேண்டியிருந்தது. புதுக் கும்பினிகளுக்கு அதுவும் வேண்டாம்.

நாணயம் அடிக்கும் ராஜாக்கள் எல்லோரும் ஒரு நாள் செய்கிற வேலையை இவர்களும் உடனே செய்தார்கள். 1988இல் டெல்டா, ‘குறிப்பிட்ட கார்டில் டிக்கெட் வாங்கினால் மூன்று மடங்கு மைல்’ என்றது. மற்றவர்களும் மூன்று மடங்கு. மைல் ஆறாக ஓடியது. பிறகு கணக்குப் பார்த்த கம்பெனிகளுக்குக் குலை நடுங்கியது. இத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஹவாய்க்குக் கிளம்பினால்? விதிகளை மாற்றினார்கள். இந்தத் தேதியில் கிடையாது, அந்த விமானத்தில் இத்தனை இருக்கைதான். ஏற்கெனவே சேர்த்து வைத்த மைலுக்கும் புது விதி என்றதும் ஒரு கூட்டம் கோர்ட்டுக்குப் போனது. 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாநிலத்தின் நுகர்வோர் சட்டத்தைக் கொண்டு விமானக் கம்பெனியைப் பிடிக்க முடியாது. ஒப்பந்தத்தை மீறினாய் என்று வேண்டுமானால் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தை எழுதியவர் யார்? கம்பெனி. ‘எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்’ என்று அதில் எழுதி வைக்கும் அளவுக்கு வக்கீல்கள் தேறிவிட்டார்கள். 2014இல் இன்னொரு தீர்ப்பு. ஒரு யூத மதகுரு அடிக்கடி புகார் செய்கிறார், பெட்டி தாமதமானதற்கே ஒன்பது தடவை புகார் என்று சொல்லி நார்த்வெஸ்ட் கம்பெனி அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கம்பெனி பக்கம். பெட்டி ஒன்பது தடவை தாமதமாக வந்தது யாருடைய குற்றம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்னையும் நீக்கிவிடுவார்கள்.

இப்படிக் கம்பெனி எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

1981இலேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இன்னொரு காரியம் செய்தது. வட்டி விகிதம் எகிறிக் கிடந்த நேரம். கைக்குப் பணம் வேண்டும். இரண்டரை லட்சம் டாலரை மொத்தமாகக் கட்டினால் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பறக்கலாம் என்று பாஸ் விற்றது. மாமனார் வீட்டில் ‘உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க மாப்பிள்ளை’ என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சில மாப்பிள்ளைகள் அதை நிஜம் என்று எடுத்துக்கொள்வார்கள். சிகாகோவில் ஒரு பங்குத் தரகர் 1987இல் அந்தப் பாஸை வாங்கி, பத்தாயிரம் தடவைக்கு மேல் பறந்தார். போகிற வழியில் முன்பின் தெரியாதவர்களைத் துணைப் பயணியாகக் கூட்டிப் போனார். போதாததற்கு, இந்த ஓசிப் பயணத்துக்கும் மைல் உண்டு! 2008இல் ஒரு நாள் விமான நிலையத்தில் வைத்தே, மோசடி என்று சொல்லிப் பாஸை ரத்து செய்தார்கள். கற்பனைப் பெயரில் பக்கத்து இருக்கையைப் பதிவு செய்தாராம். இருபது வருஷத்துக்கும் மேல் சோறு போட்டுவிட்டு, இலையில் அப்பளத்தை மறைத்தாய் என்று மாப்பிள்ளையை எழுப்பி அனுப்பியது போல.

என்னைக் கேட்டால், இந்தப் புராணத்தின் பரமபக்தர் அவரல்ல. கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளர். 1999இல் ஓர் உணவுக் கம்பெனி, தன் பொருள்களின் பத்து லேபிள் அனுப்பினால் 500 மைல், முதல் மாதத்திலேயே அனுப்பினால் 1,000 மைல் என்று அறிவித்தது. அவர்கள் மனதில் இருந்தது இரண்டு டாலர் சாப்பாட்டுப் பொட்டலம். இவர் கடை கடையாக ஏறி இறங்கி, அதே கம்பெனியின் புட்டிங் கோப்பை 25 சென்ட்டுக்குக் கிடைப்பதைக் கண்டுபிடித்தார். கோப்பைக்குக் கோப்பை தனி லேபிள். ஊரிலிருந்த எல்லாக் கடைகளையும் வழித்து 12,150 கோப்பைகள் வாங்கினார். எதற்கு இவ்வளவு என்று கேட்ட கடைக்காரர்களிடம், ‘2000ஆம் வருஷம் பிறக்கும்போது கணினியெல்லாம் நின்றுவிடும் என்கிறார்களே, அதற்குச் சேர்த்து வைக்கிறேன்’ என்றார். அப்போது அமெரிக்காவில் அது முழுப் புத்தியுள்ளவர்கள் சொல்லும் பதில்தான்.

வாங்கியாயிற்று. லேபிள் உரிப்பது யார்? மனைவியும் பிள்ளைகளும் உரித்து உரித்து விரல் தேய்ந்ததும், சால்வேஷன் ஆர்மி தொண்டு நிறுவனத்திடம் போனார். ‘புட்டிங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஏழைகளுக்குக் கொடுங்கள், லேபிளை மட்டும் உரித்துத் தாருங்கள்.’ தொண்டர்கள் உரித்தார்கள். ஏழைகள் சாப்பிட்டார்கள். இவருக்கு ஏறக்குறைய 3,140 டாலர் செலவில் 12 லட்சம் மைலுக்கு மேல் கிடைத்தது. அத்தோடு, தர்மம் செய்த வகையில் 815 டாலருக்கு வருமான வரிச் சலுகையும் வாங்கிக்கொண்டார். ஓசிக்கு ஓசி, புண்ணியத்துக்குப் புண்ணியம், அதற்கு ரசீதும்! புட்டிங்கை விலக்குப் பட்டியலில் சேர்க்க மறந்த உணவுக் கம்பெனியின் மேலாளர் அன்று இரவு என்ன சாப்பிட்டாரோ.

2008இல் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்க அரசின் நாணயச் சாலை ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்தில் கொண்டுவரப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது. காகித நோட்டை விட்டு இறங்க ஜனங்களுக்கு மனமில்லை. சரி, ஆசை காட்டுவோம் என்று, ஒரு டாலர் நாணயம் ஒரே டாலருக்கு, அனுப்பும் செலவு அரசாங்கத்தின் தலையில், கிரெடிட் கார்டிலும் வாங்கலாம் என்று அறிவித்தார்கள். மைல் பக்தர்கள் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். கார்டைத் தேய்த்து ஆயிரக்கணக்கில் நாணயம் வரவழைப்பது. தபால்காரர் இடுப்பொடிய இறக்கிய பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வங்கியில் கட்டுவது. அந்தப் பணத்தாலேயே கார்டு பாக்கியை அடைப்பது. செலவு பூஜ்யம், மைல் மட்டும் லாபம். அரசாங்கத் தங்கசாலை அடித்த நாணயத்தைக் கம்பெனித் தங்கசாலை அடித்த நாணயமாக மாற்றும் ரசவாதம். நம் சித்தர்கள் காடு மலையெல்லாம் திரிந்து தேடியது இதைத்தான். புழக்கத்துக்குப் போக வேண்டிய நாணயம் வங்கி வழியாகப் பெட்டியோடு திரும்பி வருவதைப் பார்த்த அதிகாரிகள், 2011 ஜூலையில் கார்டு விற்பனையை நிறுத்தினார்கள்.

அமெரிக்காவில் இது தமாஷ். ஜெர்மனியில் தலை உருண்டது. 2002 கோடையில் அங்கே எம்.பி.க்கள் அரசு செலவில் பறந்து சேர்த்த மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது பத்திரிகையில் வந்தது. பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிர் கட்சிப் பொறுப்பை விட்டு விலகினார். பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சராகி அரை வருஷமே ஆகியிருந்த கிரெகோர் கீஸி ராஜினாமா செய்தார். ஆமாம், மைலுக்காக! அமைச்சர் பதவி! நம் ஊர் அரசியல்வாதிகள் இந்தப் பத்தியைப் படித்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். இதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2001 டிசம்பரில், அமெரிக்க அரசு தன் ஊழியர்கள் அரசு செலவில் சேர்த்த மைலைச் சொந்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே போட்டிருந்தது. பாவமும் புண்ணியமும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தவை போலிருக்கிறது. ஓஸ்டெமிர் 2021இல் ஜெர்மனியின் வேளாண் அமைச்சராகத் திரும்பி வந்தார். அரசியல் வாழ்க்கைக்குக் காலாவதித் தேதி கிடையாது, மைலுக்கு உண்டு.

2005 வாக்கில் எகனாமிஸ்ட் பத்திரிகை உட்கார்ந்து கணக்குப் போட்டது. உலகத்தில் செலவழியாமல் கிடக்கும் மைல்களின் மதிப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டும். அன்று புழக்கத்தில் இருந்த டாலர் நோட்டுகளின் மதிப்பைவிட அது அதிகமாம். ஆஸ்திரேலியாவின் ஆன்செட் கம்பெனி 2001 செப்டம்பரில் விழுந்தபோது, அதில் சேர்த்து வைத்த புள்ளிகள் ஒரே நாளில் செல்லாக்காசானதை அப்போது பலரும் மறந்திருந்தார்கள்.

பிறகு மைல் என்ற சொல்லுக்கும் சங்கு ஊதினார்கள். பள்ளிக்கூடத்தில் மைல் என்பது தூரத்தின் அளவு என்று படித்தோம். 2015இல் டெல்டாவும் யுனைடெட்டும், மறு வருஷம் அமெரிக்கனும், எவ்வளவு தூரம் பறந்தாய் என்பது இனி கணக்கில்லை, எவ்வளவு காசு கொடுத்தாய் என்பதே கணக்கு என்று மாற்றின. நியாயமாகப் பார்த்தால் அன்றே பெயரை மாற்றியிருக்க வேண்டும். ‘உங்கள் கணக்கில் 4,000 பணம் ஏறியிருக்கிறது’ என்று மடல் அனுப்பினால் உண்மை பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோதுதான் பெட்டிக்குள் இருந்த பூதம் வெளியே வந்தது. கடன் கேட்டுப் போன யுனைடெட் எதை அடகு வைத்தது? விமானத்தையா? மைலேஜ் பிளஸ்ஸை. 680 கோடி டாலர் கிடைத்தது. அந்தத் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர் என்று அவர்களே பத்திரத்தில் எழுதிக் காட்டினார்கள். அன்றைய பங்குச் சந்தையில் யுனைடெட் கம்பெனி மொத்தத்துக்கும் விலை அதில் பாதிதான். அப்படியென்றால் விமானம், விமானி, என்ஜின், வேர்க்கடலைப் பொட்டலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் பூஜ்யத்துக்குக் கீழே வருகிறது. கடனையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு கேவலமில்லை என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். ஆடிட்டர்கள் எப்போது சிரித்தார்கள்? டெல்டா அதே வருஷம் 900 கோடி, அமெரிக்கன் 2021இல் 1,000 கோடி என்று வரிசையில் நின்று மைலை அடகு வைத்தன. கிராண்டல் போட்ட விதை. ஆலிவ் காயைக்கூட விடாத மனிதர் சும்மா ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார் என்று 1981லேயே நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

விமானமே இல்லாமல் மைல் மட்டும் உயிரோடிருக்க முடியுமா என்ற சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது இந்தியா. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அதன் மைல் திட்டத்தில் பாதிக்கு மேல் பங்கை அபுதாபியின் எதிஹாட் முன்பே வாங்கித் தனிக் கம்பெனியாக்கி இருந்ததால், கர்ணன் போனாலும் கவசகுண்டலம் பிழைத்தது. அந்த நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது.

நானும் ஒரு பக்தன்தான். சிங்கப்பூரில் மகளின் இரண்டு பிரசவத்துக்கும் போய் வந்தோம். விமானக் கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் முறுக்கு டப்பாவை மேலே வைக்க அனுமதித்தவர்கள். மகள்தான் படிவத்தை நிரப்பி எங்கள் இருவரையும் திட்டத்தில் சேர்த்துவிட்டாள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 1,800 மைல். போக வர 3,600, இரண்டு தடவைக்கு 7,200 என்று டைரியில் எழுதி வைத்திருந்தேன். மலிவு டிக்கெட்டுக்குத் தூரத்தில் பாதிகூடக் கணக்கில் ஏறாது என்பது பின்னால் தெரிந்தது. மூன்றாவது தடவைக்கு ஓசி டிக்கெட் கேட்டபோது, ‘இருக்கிற மைல் போதாது, மீதியைக் காசாகக் கட்டுங்கள், வரி தனி’ என்றார்கள். கூட்டிப் பார்த்தால் சாதா டிக்கெட்டே நூறு ரூபாய் மலிவு. பிறகு ஒரு நாள், இந்த மாதக் கடைசியோடு உங்கள் மைல்கள் காலாவதி என்று மடல் வந்தது. அதன் அடியில், மைலுக்கு ஈடாக என்னென்ன வாங்கலாம் என்று ஒரு பட்டியல். எங்கள் மைலுக்கு எட்டிய ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

டோஸ்ட்டர் வந்து ஒன்றரை வருஷமாகிறது. எங்கள் வீட்டில் காலையில் இட்லி.